குளிக்காமல் போன குற்றம்

அறுபத்திரண்டில் ஆலங்குளத்திலிருந்து குற்றாலம்வரை சைக்கிள் பந்தயம். ஜெயித்தவன் சிவனணைந்தபெருமாள். அலுப்புத் தெரியாமலிருக்க அவன் கஞ்சா லேகியம் தின்றதை என் ரெண்டு கண்ணாலும் பார்த்தேன். ரெண்டாவதாக வந்த நான் நேரே சைக்கிள் சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"விசாரிச்சிருவோம். ஆனா வேர்வையும் புழுதியுமா விசாரணைக்கு வரக் கூடாது. ரெண்டு பேரும் அருவியில குளிச்சிட்டு வாங்கலே" என்றார்.

அருவியில் நின்றால் எந்தப் போதையும் தெளியும் என்பது ஊருக்கே தெரியும், தலைவருக்குத் தெரியாதாம்! அவன் ஒரு மணி நேரம் நின்றான். கோபத்தில் நான் குளிக்கவே போகவில்லை.

சங்கத்தார் எங்கள் கண்ணை இழுத்துப் பார்த்தார்கள். அவன் கண் தெளிந்திருந்தது. ஆலங்குளத்துப் புழுதி விழுந்த என் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

அவனுக்குக் கோப்பை. எனக்கு ரெண்டு வருசம் தடை. போதாததற்குத் தலைவர் தோளில் தட்டிப் புத்தியும் சொன்னார்: "திங்கிறவன் குளிச்சிட்டாவது வரணும்லே."