எண்பது கிலோ நிலக்கரி

கெர்க்ராடே ஊரின் புதுத்தெருவில் எட்டு ஆண்டுகளாகப் புகை வேலியோரம் வரிசையில் நின்றது. தெருவின் இந்தச் சாரி நெதர்லாந்து, அந்தச் சாரி ஜெர்மனி. போர் முடிந்ததும் நட்டநடுவே கம்பிவேலி போட்டார்கள். அந்தப் பக்கத்துக் கரியடுப்புப் புகை வேலி வரை வந்து, அனுமதிச் சீட்டில்லாத ஆளைப் போலத் தயங்கி நின்றுவிடும். அதை விசிறித் திருப்பி அனுப்புவது நெதர்லாந்துச் சுங்க அலுவலர் ஹூப் ஹாபெட்ஸின் வேலை. விசிறி அரசாங்கம் கொடுத்தது.

வரிசையில் முதலில் நிற்பது எப்போதும் அவருடைய அக்கா திரினா வீட்டுப் புகை. ஜெர்மன்காரனைக் கட்டிக்கொண்டு எதிர்ச்சாரியில் இருந்தாள். வேலி போட்ட அன்று அவள் கம்பிக்கு மேலே நீட்டிய ஃப்ளாயை, பாலரிசி வைத்துச் சுட்ட அந்த வட்டப் பலகாரத்தை, புதுத்தொப்பி மிடுக்கில் ஹூப் பறிமுதல் செய்து அரக்கு முத்திரை வைத்தார். அது ஊசிப்போயிற்று. அக்கா பேச்சை நிறுத்தினாள். அவள் வீட்டுப் புகையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றது. சுங்கக்காரர் வேலி தாண்டக்கூடாதென்பது விதி. இல்லாவிட்டால் ஹூப் மன்னிப்புக் கேட்க முழங்காலிலேயே நடந்து போயிருப்பார்.

ஆறு நாட்டுப் பெரிய மனிதர்கள், இரண்டு போர்களில் கோடிக்கணக்கானவர்களைப் புதைத்து முடித்த கையோடு, நிலக்கரிக்கு எல்லையில் வரி வேண்டாமென்று கண்டுபிடித்தார்கள். எப்பேர்ப்பட்ட மூளை. அதே தெருவுக்கு அடியில் சுரங்கக்காரர்கள் யாரையும் கேட்காமல் இரு நாட்டுக் கரியையும் காலங்காலமாக வெட்டிக்கொண்டிருந்ததை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும். 1953 பிப்ரவரி பத்தாம் தேதி காலை புகை எழுந்து, சோம்பல் முறித்து, வேலியைத் தாண்டியது. கரிக்கு வரியில்லை என்று சுங்கத்துக்கு வந்த சுற்றறிக்கையில் ஃப்ளாயைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மறுநாள் திரினா கரிவாளியோடு வேலிக்கு வந்தாள்.

"என்னக்கா அது?"

"கரி."

"வட்டமா இருக்கே."

"உங்க ஊர்க் கரி என்ன, சதுரமாடா?"

"பால் வாசனை வருதுக்கா."

"எட்டு வருஷம் முன்னாடி இந்த மூக்கு எங்கடா போயிருந்துச்சு?"

ஃப்ளாயை மூன்று மணி நேரம் அடுப்பில் வைத்துக் கருக்கியிருந்தாள். ஹூப் விரல் முட்டியால் தட்டினார், கணீரென்றது. வரியில்லாமல் உள்ளே விட்டு, நின்ற இடத்திலேயே தின்றார். கண் கலங்கியதற்குக் காரணம் புகை என்றே ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

ஈஸ்டருக்குள் நாற்பது ஃப்ளாய் உள்ளே போயிற்று. ஹூப்புக்குப் பல் கறுத்தது, நகம் கறுத்தது, தும்மினால் தீப்பொறி பறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொப்பியைக் கழற்றிவிட்டு ஹூப் வேலிக் கதவருகே போய் நின்றார். ஜெர்மன் சுங்கக்காரர் அவர் மார்பைத் தட்டிப் பார்த்தார். கணீரென்றது.

"கரி, எண்பது கிலோ. வரி கிடையாது, போங்க."

அன்று முதல் ஞாயிறுதோறும் எண்பது கிலோ நிலக்கரி திரினாவின் சமையலறையில் உட்கார்ந்து, அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டே காபி குடித்தது. அடுப்புக்குச் சற்றுத் தள்ளி நாற்காலி போட்டிருந்தாள்.