பிரியாமல் கிடந்த முடிச்சு

இந்த வருஷப் புத்தாண்டுக்கு எனக்கு வந்தவை மூன்றே வாழ்த்து அட்டைகள். ஒன்று பல் வைத்தியர் போட்டது. இன்னொன்று அரிசிக்கடை. மூன்றாவது கினுயோ போட்டது.

முப்பத்தெட்டு வருஷமாகத் தவறாமல் போடுகிறாள். நான் ஒன்றுக்கும் பதில் எழுதியதில்லை. தப்புச் செய்தவள் அவள். மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை எழுதட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வீம்பாக இருந்தேன். ஆனால் அட்டைகளைப் பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறேன். தூக்கிப் போட மனசில்லை, எனக்கு வேறு யார் எழுதுகிறார்கள்?

இந்த முறை இரண்டு வரி கூடுதலாக இருந்தது. ‘வயதாகிவிட்டது. இத்துடன் புத்தாண்டு அட்டை போடுவதை நிறுத்திக்கொள்கிறேன்.’ இப்போது கிழடுகள் எல்லாம் இப்படி எழுதி முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. போனால் போகட்டும், எனக்கென்ன என்று அட்டையைக் குப்புறப் போட்டேன். புத்தாண்டுச் சூப்பில் போட்ட மோச்சி, அந்த அரிசிக் கொழுக்கட்டை, ஆறி இறுகிப்போகும் வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

கினுயோவும் நானும் கியோத்தோவில் ஒரே பட்டறையில், ஒரே ஜன்னலடியில், எதிரெதிரே உட்கார்ந்து பதினோரு வருஷம் பட்டில் சுங்குடி முடிச்சுப் போட்டவர்கள். துணியை நகத்தால் கிள்ளி, நூலால் ஏழு சுற்றுச் சுற்றி இறுக்கினால் ஒரு புள்ளி. ஒரு கிமோனோவுக்கு லட்சத்துக்கு மேல் புள்ளிகள். ஒரு வருஷம் ஓடிவிடும். ஆளுக்கு ஆள் இறுக்கம் மாறும். அதனால் ஒருத்தி தொடங்கிய துணியை அவளேதான் முடிக்க வேண்டும், இன்னொருத்தி தொடக் கூடாது. பட்டறையில் அது சட்டம்.

ஒரு பெரிய வீட்டுப் பெண்ணுக்காக நான் கட்டிக்கொண்டிருந்த சிவப்புக் கிமோனோவில் நீளமான இரண்டு கைப்பகுதிகள் மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் கட்டைவிரலில் நகச்சுற்று வந்து தொலைத்தது.

“ஒண்ணை இங்க கொடுடி. யாருக்குத் தெரியப் போகுது?” என்றாள் கினுயோ.

ஒன்றை அவள் கட்டினாள். மற்றதை நான், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். சாயம் ஏறி நூலை உருவியபோது ஒரு கைப்பகுதி பளிச்சென்று இருந்தது. மற்றதில் புள்ளிகள் தளர்ந்து, அம்மைத் தழும்பு மாதிரி இளித்தன. முதலாளி நோசே ஐயா அதை விரித்துப் போட்டு, “இது யார் வேலை?” என்றார். பட்டறையே பார்த்துக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட விரலாலேயே நான் கினுயோவைக் காட்டினேன்.

என் கை அப்படிக் கட்டாது என்று சத்தியமாக நம்பினேன். அவளும் வாயைத் திறக்கவில்லை. மறுநாளே வேலையை விட்டுப் போனவள், ஒரு மாதத்தில் வடக்கே கடலோரம் மாய்ஸுரு துறைமுகத்தில் ஒரு மீன் வியாபாரியைக் கட்டிக்கொண்டாள். அந்த ஜன்னலடியில் அதற்குப் பிறகு நான் மட்டும்தான்.

இப்போது பழைய கிமோனோக்களை வாங்கி, தையல் பிரித்து, பை தைப்பவர்களுக்குத் துணியாகக் கொடுத்துவருகிறேன். ஜனவரி இருபத்தைந்தாம் தேதி, கித்தானோ கோயில் சந்தையில், தார்ப்பாய் மேல் குவித்திருந்த துணிகளுக்கு அடியில் அந்தச் சிவப்பு தெரிந்தது. எங்கே பார்த்தாலும் அது எனக்குத் தெரியும்.

“பெரியம்மா, அது வேணாம். ஒரு பக்கம் புள்ளியெல்லாம் சரியில்ல. வேற காட்டுறேன்” என்றான் கடைக்காரன்.

“எனக்கே பாடம் நடத்துறியா? விலையைச் சொல்லு.”

“காலங்காத்தால சண்டைக்கா வந்தீங்க? குறைச்சே தரேன், எடுத்துட்டுப் போங்க.”

வீட்டுக்கு வந்ததும் கத்தரியை எடுத்தேன். கெட்டுப்போன கைப்பகுதியில் ஒரு துண்டை வெட்டி, ‘பார், இது நீ கட்டியது’ என்று எழுதி மாய்ஸுருவுக்கு அனுப்ப வேண்டும். முப்பத்தெட்டு அட்டைகளுக்கும் சேர்த்து ஒரே பதில். அவ்வளவு ஆங்காரம் எனக்கு.

அந்தக் கைப்பகுதியின் அடிமூலையில், வளைவுக்காக மடித்துச் சுருக்கித் தைத்திருந்த இடத்தைப் பிரித்தேன். உள்ளே ஒரு முடிச்சு, நூலோடு அப்படியே இருந்தது. உருவும்போது தப்பியது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நூல் வலப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

கினுயோ நொட்டாங்கைக்காரி. அவள் சுற்று எப்போதும் இடப்பக்கமாகத்தான் விழும். “கண்ணாடியில பார்த்துக் கட்டுறியாடி?” என்று பதினோரு வருஷமும் கேலி செய்தவளே நான்தான்.

கினுயோவின் அட்டையைத் தேடி எடுத்தேன். அட்டையின் ஓரத்தில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்துப் போன் செய்தேன்.

“யாரு?”

“நான்தான், மித்சுயே.”

அந்தப் பக்கம் கெட்டில் கூவியது. அவள் போய் அணைத்துவிட்டு வந்தாள்.

“அடிப்பாவி, உயிரோடதான் இருக்கியா? நீ செத்துட்டியோன்னு நெனச்சுல்ல அட்டையையே நிறுத்தினேன்!”

“அந்தச் சிவப்புக் கிமோனோ கிடைச்சுது. கெட்டுப்போன கை என்னோடதுடி. ஒரு முடிச்சு பிரியாம இருந்துச்சு.”

“தெரியும்.”

“எப்போலேருந்து?”

“நோசே ஐயா விரிச்சப்பவே. நான் கட்டின புள்ளி எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏண்டி வாயைத் திறக்கல?”

“எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு, போறதுக்கு ஒரு வீடு இருந்துச்சு. உனக்கு அந்த ஜன்னலை விட்டா வேற என்ன இருந்துச்சு?”

எந்த வார்த்தைக்காக அவளைக் காக்க வைத்தேனோ, அதை நானே சொன்னேன். “மன்னிச்சுக்கோடி கினு. இப்பவே ரயிலேறி வரேன்.”

“வராதே.” குரலில் கோபமே இல்லை. “ஒவ்வொரு புத்தாண்டுக்கும் தபால்காரனைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு, மித்சு. இந்த வருஷம்தான் அதை விட்டுத் தொலைச்சேன். நிம்மதியா இருக்கேன். மறுபடி ஆரம்பிச்சு வைக்காதே.”

“அட்டையாவது போடட்டுமா?”

“போடு. பதில் மட்டும் எதிர்பார்க்காதே.”

போனை வைத்துவிட்டு, செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் தபால் நிலையத்துக்குப் போனேன்.

“புத்தாண்டு அட்டையா? ஜனவரியே முடியப் போகுது பெரியம்மா” என்று ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் சிரித்தாள். “இனிமே நவம்பர்லதான் வரும். வேணும்னா இப்பவே குறிச்சு வச்சுக்கறேன். எத்தனை?”

“ஒண்ணு” என்றேன்.