உள்தாழ்ப்பாள்

பூட்டு ரிப்பேர்காரர் தன் முதல் கொலையை எழுதி முடித்த நிமிடம், அவர் வீட்டுக் குளியலறை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டது. உள்ளே ஆள் இல்லை. திருப்புளி, சுத்தியல் எல்லாம் போட்டுப் பார்த்தார், அசையவில்லை. பூட்டிய அறைக்குள் பிணம், கொன்றவன் எப்படி வெளியேறினான் என்பதுதான் கதை. அதற்குச் சரியான விடையை எழுதியதும் கதவு தானாகத் திறந்தது. அதுவரை பதினாறு நாள் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்து வீட்டில் குளித்தார்கள்.

அவர் எழுத வந்ததே கோபத்தில்தான். கடையில் ஆள் வராத நேரம் மர்ம நாவல் படிப்பார். ஒன்றில் கொலைகாரன் தாழ்ப்பாளில் நூலைக் கட்டி வெளியிலிருந்தே இழுத்துச் சாத்தினான். "இதை எழுதினவன் ஜென்மத்துல ஒரு தாழ்ப்பாளைத் தொட்டிருக்க மாட்டான்" என்று புத்தகத்தை விட்டெறிந்துவிட்டுத் தானே எழுத உட்கார்ந்துவிட்டார். எழுதுகிற கூட்டம் புளுகும். இவர் வீட்டில் அது நடக்காது. இரட்டைப் பிறவி, சுரங்கவழி என்று எதையாவது எழுதினால் கதவு அப்படியே நிற்கும். ஆறு வருடத்தில் ஒன்பது நாவல். ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை; சமையலறை மட்டும் மூன்று தடவை தாழிட்டுக்கொண்டது. எழுதியதை ஊருக்கே கேட்கிற மாதிரி படித்துப் பார்ப்பார். யாரிடமும் யோசனை கேட்கமாட்டார்.

பத்தாவது நாவலுக்குப் படுக்கையறை தாழிட்டுக்கொண்டது. உள்ளே அவர் வீட்டுக்காரி இருந்தாள். குளியலறை உள்ளேயே இருந்தது, சோறு ஜன்னல் கம்பி வழியாகப் போனது. மனுஷன் ஆடிப்போய்விட்டார். கடையைச் சாத்திவிட்டு முப்பது நாளில் பதினோரு முடிவு எழுதினார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஜன்னலடியில் உட்கார்ந்து, "என்ன எழுதறதுன்னு நீயாவது சொல்லேன்" என்று அழுதேவிட்டார்.

"கதையில செத்துக் கிடக்கிறாரே, அந்தாளைக் குத்தினது வெளியில. அவரே உள்ள வந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டாரு. இனி எவன் மூஞ்சியிலயும் முழிக்க வேணாம்னு."

"இது எப்ப தோணிச்சு?"

"ரெண்டாம் நாளே."

"அடிப்பாவி! ஏன் சொல்லலை?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

அப்படியே எழுதினார். தாழ்ப்பாள் விலகியது. அந்தம்மா வெளியே வந்து, சமையலறையில் முப்பது நாள் பாத்திரம் குவிந்து கிடப்பதை நின்று பார்த்தாள். இன்னொரு தலையணையை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனாள். "அடுத்த கதையை ஆரம்பிங்க."

ஆரம்பித்தார். தாழ்ப்பாள் விழுந்தது.

இப்போது வருடத்துக்கு ஒரு நாவல் வருகிறது. பாத்திரம் அவர்தான் தேய்க்கிறார், யோசனையும் ஜன்னலில் கேட்கிறார். அந்தம்மா தனக்குத் தோன்றும்போது சொல்கிறாள். பதிப்பாளர் போன் செய்தால் கதை முடிந்ததா என்று கேட்பதில்லை. "அம்மா வெளிய வந்துட்டாங்களா?" என்றுதான் கேட்கிறார்.