தெல்மா வீட்டுத் தவளைகள்

பக்கத்து வீட்டுத் தெல்மாவுக்கும் எனக்கும் நடுவில் இடுப்பளவு கற்சுவர் ஒன்றுதான். அவள் பக்கம் ஒரு குட்டை, என் பக்கம் ஒரு குட்டை. வருடா வருடம் பிப்ரவரியில் தவளைகள் முட்டையிட அவள் குட்டைக்குத்தான் போகும். என்னுடையதை எட்டிக்கூடப் பார்க்காது. யார் வீட்டில் முதல் முட்டை என்று ஊர்க் கடையில் பலகையில் எழுதிப்போடுவார்கள். ஒன்பது வருடமாக அதில் அவள் பெயர்தான்.

"பாவம், ஒரு கிண்ணம் முட்டை தரட்டுமா?" என்று சுவருக்கு மேலிருந்து கேட்பாள்.

"உன் பிச்சை எனக்கு வேண்டாம், போடி."

முப்பது வருடம் பஸ் ஓட்டியவள் நான். ஒருத்தரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லை.

போன வருடம், மேலே பண்ணைக்குப் போகும் பாதையில், டிராக்டர் சக்கரம் பதிந்த பள்ளத்தில் ஒரு குவியல் முட்டையைப் பார்த்தேன். ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி, ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. வெயில் காயவைக்கும், இல்லையென்றால் டிராக்டர் ஏறும். புண்ணியமாகப் போகட்டும் என்று வாளியில் அள்ளிவந்து என் குட்டையில் விட்டேன். பொய் எதற்கு? புண்ணியம் கால்வாசி, தெல்மாவின் வாயை அடைப்பது முக்கால்வாசி. தவளைகள் தானாக வந்து இட்டதாக அவளிடம் சொன்னேன். நம்பிவிட்டாள்.

ஏப்ரலில் ஊர் மண்டபத்தில் கிளிஃப் பேசினான். ரோட்டைக் கடக்கும் தவளைகளை வாளியில் தூக்கி அக்கரை சேர்க்கிறவன்.

"முட்டைய இடம் மாத்தாதீங்க. தண்ணியோட நோயும் சேர்ந்து வரும். மேல பண்ணையில போன கோடையில முக்கால்வாசி செத்துப்போச்சு. உடம்பெல்லாம் சிவப்புப் புண்ணு."

என் வாளி அந்தப் பண்ணைப் பாதையிலிருந்து வந்தது. தவளைக்குச் சுவர் ஒரு பொருட்டா? புருஷன் போன பிறகு தெல்மாவுக்கு அந்தத் தவளைகள்தான் பேச்சுத்துணை. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். செங்கல் நிறத்தில் குண்டாக இருந்ததற்கு எங்கள் பாதிரியாரின் பெயர்.

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஜூலையில் சுவரோரம் ஒரு தவளை செத்துக் கிடந்தது. பூனையின் வேலையா, நோயா என்று திருப்பிப் பார்க்கத் துணிவில்லாமல் புதைத்தேன். அதன் பிறகு தெல்மாவின் முகத்தில் முழிக்க முடியவில்லை. அவள் தோட்டத்துக்கு வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். செவ்வாய்க்கிழமை டீக்குக் கூப்பிட்டால் முழங்கால் வலி என்பேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கக்கூடியவள், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நாளில் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள்.

இந்த வருடம் பிப்ரவரி வந்து, போயே விட்டது. தினமும் காலையில் மாடி ஜன்னலிலிருந்து அவள் குட்டையைப் பார்த்தேன். வெறும் தண்ணீர். அவளும் அதன் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். என் குட்டைப் பக்கம் நான் போகவே இல்லை. போகக் கூசியது.

மார்ச் நான்காம் தேதி மழை விட்ட காலையில், பின்கதவைத் திறந்தால் ஒரு சத்தம். தூரத்தில் மோட்டார் சைக்கிள் ஓடுவது போலக் கர்ரென்று. என் குட்டையிலிருந்து வந்தது. போய்ப் பார்த்தேன். இருபது, முப்பது தலைகள், நடுவில் கொழகொழவென்று முட்டை. செங்கல் நிறத்தில் பாதிரியாரும் ஒருத்தியின் முதுகில் சவாரி செய்துகொண்டிருந்தார். ஒன்றின் உடம்பிலும் புண் இல்லை.

எல்லாம் தெல்மாவின் தவளைகள். உயிரோடு இருக்கின்றன. ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. அழுகையும் வந்தது, வெட்கமில்லாமல்.

"தெல்மா, இங்க வா. சீக்கிரம் வா."

இரவு உடைக்குக் கீழே ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தாள். குட்டையைப் பார்த்தாள். நான் வாளியிலிருந்து ஆரம்பித்து, செத்த தவளை வரைக்கும் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

அவள் என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஜூன்ல நடைபாதைக் கல்லு வழுக்குதுன்னு பாசி மருந்து ஊத்தினேன்டி. அன்னைக்கே மழை. அத்தனையும் குட்டைக்குள்ள ஓடிடுச்சு. அதுக்கப்புறம்தான் டப்பாவப் படிச்சேன், மீனு, தவளைக்கெல்லாம் ஆகாதாம். நாந்தான் எல்லாத்தையும் கொன்னுட்டேன்னு நெனச்சேன்."

"அட, சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்ல? நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போன. உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். கொலைகாரியோட உக்காந்து டீ குடிக்க உனக்குப் பிடிக்கலன்னு இருந்துட்டேன்."

எட்டு மாதம். ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், எட்டு மாதம்.

எழுந்திருக்க இரண்டு பேருக்கும் முடியவில்லை. என் தோளை அவளும் அவள் கையை நானுமாகப் பிடித்து, மூன்றாவது முயற்சியில்தான் எழுந்தோம். எழுந்த பிறகும் கையை விடாமல் சமையலறை வரை வந்தாள்.