கலியமூர்த்தியின் முதுகு

கலியமூர்த்திக்கு முதுகில் ஒரு கோளாறும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் முதலியார்பேட்டையில் அவன் குடியிருந்த தெருவில் யாரைக் கேட்டாலும், "பாவம், கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருக்காரே, அவருக்கு டிஸ்க் வெலகிப்போச்சி" என்றுதான் சொல்வார்கள். காய்கறி வண்டிக்காரர் பையை அவன் கையில் கொடுக்க மாட்டார், தானே வாசல்வரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். மாடிவீட்டு அம்மா முடக்கத்தான் தோசை சுட்டு, மேலே தட்டு போட்டு மூடி அனுப்புவாள். கலியமூர்த்தி அந்தத் தோசையைத் தின்றான்.

கோளாறு மனசில். மழைக்காலம் முடிந்த சமயத்தில் அது ஆரம்பித்தது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது வசதியாக இருந்திருக்கும். வீட்டில் சாவு விழவில்லை, யாரும் வந்து வாசலில் நின்று கத்தவில்லை. முதலில் தூக்கம் போனது, பிறகு பசி போனது. ஒரு நாள் காலை வேலைக்குப் புறப்பட்டவன் ஒற்றைக் காலில் செருப்பை மாட்டிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே மாத்திரையும் எழுதி, லீவுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சர்ட்டிபிகேட் மேலதிகாரியின் மேஜையோடு நின்றது. அவர் நல்ல மனிதர், வாயைத் திறக்கவில்லை.

முதுகைக் கண்டுபிடித்தது மனைவி அன்புசெல்வி. "மென்டல்னு பேரு வெச்சிடுவாங்க. நாளைக்கி அபிக்கு மாப்ள பாக்கணும். யாரு கேட்டாலும் முதுகுன்னு சொல்லு" என்றாள். அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவனுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. கம்பம் ஏறுகிறவனுக்கு முதுகு போனால் ஊரே உச்சுக்கொட்டும். மனசு போனது என்றால் அதே ஊர் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தும். அவனே ஒரு காலத்தில் அப்படிச் சாத்தினவன்தான். கொஞ்ச நாளில் நடிப்பு நன்றாகவே ஒட்டிக்கொண்டது. குனிந்தால் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் தானாக வந்தது. வீட்டில் யாரும் இல்லாதபோதும் வந்தது. அப்போதெல்லாம் தன்னைத்தானே ஓங்கி அறைய வேண்டும் போல இருக்கும்.

இந்தப் பொய்யை ஊரில் ஒருத்தன் மனசார நம்பினான் என்றால் அது கன்னியப்பன். அவனும் லைன்மேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இருவரும் ஜோடி. ஒருவன் டிரான்ஸ்பார்மரில் பீஸ்கட்டைகளைப் பிடுங்கி, லைனில் கரண்டு வராதபடி அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கீழே நிற்பான், மற்றவன் மேலே ஏறுவான். கரண்டு இல்லை என்று தெருவே கூடிக் கத்தினாலும் கீழே நிற்பவன் அந்தக் கட்டைகளை யாரிடமும் தர மாட்டான். இறங்கி வந்தவன் அவற்றைத் தன் கையால் வாங்கிக்கொண்ட பிறகுதான் தண்ணீரே குடிப்பான். அப்படிப் பழகியவர்கள்.

கன்னியப்பன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தான். ஒரு பாட்டில் தைலம் அவனே வாங்கிவந்து இவன் வீட்டில் வைத்திருந்தான். "படுடா குப்புற" என்று மிரட்டிப் படுக்கவைத்து, பக்கத்தில் மண்டியிட்டு, கை வலிக்கத் தேய்ப்பான். கனத்த உடம்பு. தேய்த்து முடித்து எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு முனகுவான். பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடக்கும் கலியமூர்த்திக்குக் காதெல்லாம் எரியும். ஒரு வாரம் இடுப்பு பெல்ட் ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தான். ஒல்லியான கலியமூர்த்தியின் இடுப்பை அது ஒன்றரைச் சுற்று சுற்றியது. அளவு பார்த்து வாங்கக்கூடத் தெரியாதவன் என்று கலியமூர்த்தி நினைத்துக்கொண்டான்.

லீவு நீண்டுகொண்டே போனதில், மெடிக்கல் போர்டு முன்னால் வரச்சொல்லி உத்தரவு வந்தது. மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து, இவன் மறுபடி வேலைக்குப் போகலாமா, போனால் எந்த வேலை என்று முடிவு செய்வார்கள். அன்புசெல்வி கூட வருவதாக இருந்தது. அன்று காலை அவள் குளிக்கப் போகும்போது, "அடுப்புல பால் இருக்குது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கலியமூர்த்தி பாலுக்கு எதிரேயே நின்றான். அது கொதித்தது, நுரைத்தது, பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கேஸ் நாற்றம் தெரிந்து அன்புசெல்வி ஈரத்தலையோடு ஓடிவந்து மூடிய பிறகுதான் பால் பொங்கியது அவனுக்கு உறைத்தது. அவள் திட்டவில்லை. அடுப்பைத் துடைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குள் வாசலில் பைக் சத்தம். கன்னியப்பன் லீவு போட்டுவிட்டு வந்து நின்றான்.

"முதுகு வலிக்காரன பஸ்ல இட்டும்போவீங்களா தங்கச்சி? குலுங்கினா போச்சி. நான் மெதுவா கூட்டும்போறேன், நீ வீட்ல இரு."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம்கூட அவர்களிடம் இல்லை. முதுகு வலியைத்தான் அவர்களே வாரி வழங்கியிருந்தார்களே. அன்புசெல்வி பெல்ட்டைக் கட்டிவிடுகிற சாக்கில் கிட்டே வந்து, "உள்ள அவர வுட்டுடாத. டாக்டருங்க எதனா சொல்லிடப்போறாங்க" என்று முணுமுணுத்தாள்.

நெல்லித்தோப்பு வழியாகக் கதிர்காமம் ஆஸ்பத்திரி போய்ச் சேருகிறவரை, ஒவ்வொரு வேகத்தடையிலும் கன்னியப்பன் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏற்றினான். "வலிக்குதாடா?" என்று திரும்பித் திரும்பிக் கேட்டான். இல்லை என்றான் கலியமூர்த்தி. அந்த ஒரு பதிலாவது உண்மை.

ஆஸ்பத்திரியில் கூடத்துப் பெஞ்சு நிறைய ஆட்கள். கைக்கட்டு, கால்கட்டு, ஊன்றுகோல் என்று எல்லோருக்கும் வெளியே தெரிகிற ஒரு வியாதி இருந்தது. கலியமூர்த்தி அவர்களைப் பொறாமையோடு பார்த்தான். பேர் கூப்பிடும்போது பிரிவையும் சேர்த்துக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்தான். "டீ குடிக்கணும் போல இருக்குது" என்றான். கன்னியப்பன் உடனே எழுந்து போனான். அவன் தலை மறைந்ததும் உள்ளேயிருந்து பேர் வந்தது, வெறும் பேர் மட்டும். தப்பித்தோம் என்று கலியமூர்த்தி கிட்டத்தட்ட ஓடியே உள்ளே போனான்.

நடுவில் உட்கார்ந்திருந்த பெண் டாக்டர் கோப்பைப் படித்துவிட்டு, தூக்கம் எப்படி, மாத்திரை போட்டால் மந்தமாக இருக்கிறதா என்று கேட்டார். பதில் சொன்னான். "கூட யாரு வந்திருக்காங்க?" என்றார். அவன் வாயைத் திறப்பதற்குள் கதவோரம் நின்ற ஊழியர், "வெளிய ஒருத்தர் டீயோட இவரத்தான் தேடிகிட்டு இருக்காரு மேடம்" என்று கூப்பிட்டே விட்டார். கன்னியப்பன் உள்ளே வந்தான், கையில் இரண்டு பேப்பர் கப்போடு.

டாக்டரின் கண் இப்போதுதான் பெல்ட்டில் விழுந்தது. "இடுப்புல என்ன?"

"வலி மேடம்." பழக்கதோஷம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"இதுல அப்படி ஒண்ணும் இல்லையே" என்று அவர் கோப்பைப் புரட்டினார்.

கன்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. "எழுதாம வுட்டிருப்பாங்க மேடம். நான் பாக்கறனே. வாரா வாரம் நான்தான் தைலம் தேய்க்கறேன். குனிய முடியாது, நிமுர முடியாது, தொட்டாவே துடிக்கறான். வாயத் தொறந்து சொல்ல மாட்டான், அந்த மாதிரி ஆளு." கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "அவன கம்பம் ஏத்தாதீங்க. அதுக்குன்னு வேலையவும் எடுத்துடாதீங்க. அவன் வேலைய நான் செய்றேன். பீஸ்கட்டைய கையில வெச்சிகிட்டு அவன் கீழ நின்னா போதும். நான் ஏறிக்கறேன். ரிட்டயர் ஆவறவரைக்கும் நான் ஏறிக்கறேன்."

டாக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கன்னியப்பனைப் பார்க்காமல் கலியமூர்த்தியை மட்டும் பார்த்து, "இவர வெளிய இருக்கச் சொல்லட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். ஓரத்தில் இருந்த இன்னொரு டாக்டர் பேனாவை எடுத்தார். "கம்பம் ஏறாம, தரையில நிக்கற வேலை. அப்படியே எழுதிடலாமே. அவருக்கும் நல்லதுதான்."

கலியமூர்த்தி பேசாமல் இருந்தால் போதும். எல்லாம் முடிந்தது. வேலை நிலைக்கும், முதுகு நிலைக்கும், அபிக்கு மாப்பிள்ளை வரும். தெருவில் யாருக்கும் எதுவும் தெரியாது. கன்னியப்பன் மேலே ஏறுவான். இவன் கீழே நிற்பான், கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு.

காலையில் வழிந்த பால் கண்ணுக்குள் வந்தது.

"எழுதாதீங்க சார்" என்றான். அவன் பெல்ட்டின் ஒட்டும் பட்டையைப் பிடித்து இழுத்தான். அது பர்ரென்று சத்தம் போட்டுப் பிரிந்தது. அந்த அறையில் அத்தனை பெரிய சத்தமாக அது கேட்டது. "எனக்கு முதுகுல ஒண்ணுமில்ல. எப்பவுமே இல்ல. மனசுதான் சரியில்ல. அதுக்குத்தான் மாத்திர சாப்புடறேன்."

கன்னியப்பன் பக்கம் திரும்ப அவனுக்குத் தைரியம் இல்லை. மேஜையின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இன்னிக்கி காலைல பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிது. நான் எதிர்லதான் நின்னேன். எனக்குத் தெரியல. என் கையில கட்டைய குடுத்துட்டு இவன் மேல ஏறினா, எவனாவது வந்து கேட்டா நான் குடுத்துடுவேன் சார். குடுத்தது கூட எனக்குத் தெரியாது."

நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தவன் நிலைமை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இன்னும் கொஞ்ச காலம் லீவு, அதற்குப் பிறகு ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, லைன் பக்கமே போகக் கூடாது, மறுபடி வந்து காட்ட வேண்டும் என்று முடிவானது. பெண் டாக்டர் அவனிடம், "நீங்க சொன்னது ரொம்ப நல்லது" என்றார். அது அவன் காதில் பாதிதான் விழுந்தது. பின்னால் நிற்கிறவன் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்தார்கள். கன்னியப்பன் விறுவிறுவென்று முன்னால் நடந்தான். ஆறிப்போன டீயை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டுக் கப்புகளைக் கசக்கினான். வண்டி நிறுத்துமிடம் வந்த பிறகுதான் திரும்பினான்.

"எத்தன வாரம்டா தேய்ச்சேன்?"

கலியமூர்த்தி கழற்றிய பெல்ட்டைக் கை மாற்றிப் பிடித்தான்.

"தொட்டாவே துடிக்கறான்னு சொன்னேனே டாக்டருகிட்ட. துடிச்சியே. எதுக்குடா துடிச்ச?"

"வெக்கம்டா. நீ தேய்க்கத் தேய்க்க வெக்கம் புடுங்கித் தின்னிச்சி."

"என் உசுர ஒன் கையில குடுத்துட்டு மேல ஏறினவன்டா நானு. எங்கிட்டயா மறைப்ப?" கன்னியப்பன் கோபமாகத் திரும்பி, வண்டியின் ஸ்டாண்டை எடுக்கக் குனிந்தான். பாதிக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஒரு கை சீட்டைப் பிடித்திருந்தது, ஒரு கை இடுப்பில். முகம் சுண்டிப்போய், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கலியமூர்த்தி அவனைப் பார்த்தான். கையில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தான். ஒன்றரைச் சுற்று சுற்றிய பெல்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்த முனகல் காதில் கேட்டது.

"இது யாருக்குடா வாங்கின?"

"ஒனக்குத்தான்."

"கன்னியப்பா."

கன்னியப்பன் மெல்ல நிமிர்ந்தான். "எனக்குத்தான் வாங்கினேன், போ. டாக்டரு கட்டச் சொன்னாரு. அன்னிக்கி ஒன்ன வந்து பாத்தா நீ என்னவிட மோசமா கெடந்த. எனக்காவது நடக்க முடியுதேன்னு குடுத்துட்டேன்."

உள்ளே மூன்று டாக்டர்கள் முன்னால் பட்ட வெட்கமெல்லாம் வெட்கமே இல்லை என்று கலியமூர்த்திக்கு அப்போது தெரிந்தது. வலியில்லாத முதுகை, வலிக்கிற முதுகு மண்டிபோட்டுத் தேய்த்திருக்கிறது. அவனுக்கு அழுகை வந்தது. அவன் அதை அடக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. வண்டி எடுக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். அவன் அழுதுகொண்டே கன்னியப்பனின் சட்டையைத் தூக்கி, பெல்ட்டை அவன் இடுப்பில் சுற்றினான். ஒரே சுற்றில், அளவெடுத்துத் தைத்தது போலச் சரியாகப் பொருந்தியது.

"இறுக்கிக் கட்டுடா" என்றான் கன்னியப்பன்.

கட்டினான். கன்னியப்பன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, இவன் பின்னால் ஏறும்வரை காத்திருந்தான். பிறகு திரும்பிப் பார்க்காமலேயே சொன்னான்.

"ஞாயித்துக்கெழம நீ எங்க ஊட்டுக்கு வா. வரும்போது தைலத்த எடுத்தும்வா, பாதி பாட்லு இருக்கும்."