துடைக்கக் கூடாத துப்பாக்கி

எந்தத் துப்பாக்கி நல்லது என்று கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஊரில் மற்ற எல்லோருக்கும் அது சம்பளம் வாங்காமலே தெரிந்திருக்கிறது. எங்கள் சோதனைக்கூடத்து டிரைவருக்குத் தெரியும், கேன்டீன்காரருக்குத் தெரியும், டைரக்டருக்கு ஃபைலைத் திறப்பதற்கு முன்பே தெரியும். என் அம்மாவுக்கும் ஒரு கருத்து உண்டு. "எது விலை ஜாஸ்தியோ அதையே எழுதிக் குடுத்துடு. நம்ம பிள்ளை கையில இருக்கப் போறது" என்கிறாள், குக்கர் வாங்கப் போகிற மாதிரி.

நம்ம பிள்ளை என்பது என் தம்பி. காலாட்படையில் இருக்கிறான், எல்லையில் ஒரு மலைக்காட்டுக் காவல்சாவடியில். அங்கே மழை பிடித்தால் விடாது. சேற்றில்தான் நடை, சேற்றில்தான் படுக்கை. அவன் கையில் இப்போது இருப்பது பழைய துப்பாக்கி. நீளம், கனம், மரக்கட்டை, பெரிய தோட்டா. சுட்டால் தோளைக் கழற்றிவிடுவது போல உதைக்கும். அதற்குப் பதிலாகக் கொடுக்கலாமா என்று எங்களிடம் வந்திருந்தது புதியது. குட்டை, லேசு, பிளாஸ்டிக் கட்டை, சின்னத் தோட்டா. அதே எடைக்கு இரண்டு பங்கு தோட்டா சுமக்கலாம். பழையது பட்டால் ஆள் எழுந்திருக்க மாட்டான் என்று ஒரு கட்சி. பழையது எங்கே படுகிறது, புதியதுதான் படும் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் பேச உட்கார்ந்தால் டீ ஆறி ஆடை கட்டிவிடும். எனக்கு இருந்தது ஒரே கேள்வி. சேற்றில் விழுந்து எழுந்த பிறகு எது சுடும்?

காரணம் இருக்கிறது. போன மாதம் தம்பி போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அக்கா, அம்மாகிட்ட சொல்லிடாத. ரோந்து போனப்ப ஓடையில வழுக்கி விழுந்துட்டேன். எந்திரிச்சு அழுத்தினா சுடல. சிக்கிக்கிச்சு. நல்லவேளை, எதிர்ல வந்தவன் பயந்து ஓடிட்டான்." சொல்லிவிட்டுச் சிரித்தான். 

சோதனை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. துப்பாக்கியைச் சேற்றுத் தொட்டியில் முக்கி எடுத்து, ஒழுகவிட்டு, சுட வேண்டும். பிறகு தூசிப்பெட்டியில் வைத்துக் குலுக்கிச் சுட வேண்டும். மறுபடி சேறு. எது எத்தனை முறை சிக்குகிறது என்று நான் எழுதிக்கொள்வேன். விதி ஒன்றே ஒன்று: தொடர் முடிகிறவரை யாரும் துப்பாக்கியைத் துடைக்கக் கூடாது.

சுடுவதற்கு ஒரு படைப்பிரிவிலிருந்து ஐந்து பேரை அனுப்பியிருந்தார்கள். அவர்களில் தலைவராக வந்தவரின் முகத்தில் மீசைக்குப் போக மிச்சம் இருந்த இடம் குறைவு. எல்லோரும் மீசை என்றே கூப்பிட்டார்கள். நான் மரியாதைக்கு மீசைக்காரர் என்றேன். சர்வீஸ் முழுக்கப் பழைய துப்பாக்கியோடு குடித்தனம் நடத்தியவர். புதியதை வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன மேடம், பொம்மைக் கடையில எடுத்ததா?" என்று கேட்டார்.

முதல் தொடரில் பழையது ஒரு முறைகூடச் சிக்கவில்லை. புதியது சிக்கியது, சிக்கலை எடுத்துவிட்டால் மறுபடியும் சிக்கியது. ஒவ்வொரு தடவையும் ஐந்து தலைகளும் என் பக்கம் திரும்பின. "பாத்தீங்களா மேடம்? நாங்கதான் அப்பவே சொன்னோமே." டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். பழையதே போதும் என்றால் அவருக்கு வேலை மிச்சம். "அவ்வளவுதானேம்மா, எழுதி முடிச்சிடுங்க. வெள்ளிக்கிழமை எந்தத் துப்பாக்கின்னு முடிவு பண்ற குழு வருது" என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. என் தொட்டியில் சிக்காத துப்பாக்கி என் தம்பியின் ஓடையில் மட்டும் எப்படிச் சிக்கும்? சேற்றின் மேல்தான் முதலில் சந்தேகப்பட்டேன். களிமண்ணைக் கூட்டினேன், மணல் கலந்தேன், கையை விட்டுக் கலக்கி நகமெல்லாம் மண்ணாகி வீட்டுக்குப் போனேன். பழையது பாட்டுக்குச் சுட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் டீயை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றபோதுதான் பார்த்தேன். தொட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கிகள் ஒழுகுவதற்காகக் காத்திருக்கும் நேரம். ஐந்து பேரும் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பழையதைக் கிடத்திக்கொண்டு, யாருக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வாய் லீவைப் பேசிக்கொண்டிருக்க, கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கட்டைவிரல் சேற்றை வழித்தது. சுண்டுவிரல் உள்ளே போய்த் தோண்டியது. சட்டை நுனி, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைச் சுற்றி ஒரு சுற்று வந்தது. நடுநடுவே ஒரு ஊதல். ஒருவர்கூடத் தன் கையைப் பார்க்கவில்லை. புதிய துப்பாக்கிகள் சுவரோரம் சாய்ந்து, யாரும் வா என்று சொல்லாத விருந்தாளிகள் மாதிரி நின்றன.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

"என்ன பண்றீங்க?"

"உக்காந்திருக்கோம் மேடம்" என்றார் மீசைக்காரர்.

"கை என்ன பண்ணுது?"

அவர் தன் கையைப் பார்த்தார், யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல. சட்டை நுனி கன்னங்கரேல் என்று இருந்தது.

"துடைக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"துடைக்கல மேடம். சும்மா தொட்டுப் பாத்தேன்."

பொய் சொல்லியிருந்தால் நாலு திட்டு திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. துடைத்தது அவருக்கே தெரியவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவர்களுடையது சேற்றுத் தொட்டியையும் தாண்டி வந்திருந்தது. புதியதையாவது அதே போலத் துடைத்திருந்தால் கணக்கு சமமாகியிருக்கும். அதையும் கேட்டேன். "அது நம்மளோடது இல்லையே மேடம்" என்றார் ஒருவர், வெகு நியாயமாக. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. இந்த லட்சணத்தில் எடுத்த முடிவைத்தான் என் தம்பியின் தலையில் கட்ட இருந்தேன்.

பெஞ்சை எடுக்கச் சொன்னேன். நின்றுகொண்டே துடைத்தார்கள். துப்பாக்கிகளைத் தாங்கியில் வைத்துப் பூட்டினேன். தாங்கியிலிருந்து சுடும் இடத்துக்கு நடக்கிற தூரத்திலேயே கவிழ்த்துத் தட்டி, தொடையில் தேய்த்து முடித்தார்கள். கத்தினேன். "சரி மேடம், சரி மேடம்" என்றார்கள், அந்த "சரி"யைச் சொல்லும்போதே தேய்த்தார்கள். கடைசியில் தடித்த கையுறை மாட்டிவிட்டேன். அன்று சாயங்காலம் மீசைக்காரர் என்னிடம் வந்து நன்றியோடு சொன்னார்: "கையுறை நல்ல யோசனை மேடம். நகத்துல அழுக்கு ஏறல." சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

டைரக்டரிடம் போய் முதல் தொடர் செல்லாது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சிப்பாய்னா துடைக்கத்தான் செய்வான். அவன் விரும்பித் துடைக்கிற மாதிரி இருக்கறதும் துப்பாக்கியோட நல்ல குணம்தானே?"

முட்டாள்தனமான பேச்சாக இருந்தால் விட்டுத்தள்ளியிருப்பேன். அதில் கொஞ்சம் உண்மை இருந்ததால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உக்கார பெஞ்சும் காய்ஞ்ச சட்டையும் இருந்தா துடைப்பான் சார். ஓடையில விழுந்தவன் எதை வச்சுத் துடைப்பான்? எதிராளி இருடா, துடைச்சிட்டு வான்னு நிப்பானா?"

தம்பி என்ற சொல்லை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்கா பாசத்தில் கணக்கை மாற்றுகிறாள் என்பார். டைரக்டர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியணும்" என்று மட்டும் சொன்னார்.

இந்த முறை ஐந்து பேரையும் சுடும் இடத்தில் முன்கூட்டியே குப்புறப் படுக்க வைத்துவிட்டேன். என் ஆட்கள் தொட்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்து, ஒழுகவிட்டு, நேராக அவர்கள் கையில் கொடுத்தார்கள். கையில் வந்த நொடியே நான் "சுடு" என்றேன். மீசைக்காரரின் பழையது இரண்டு தடவை சுட்டது. மூன்றாவதில் வெறும் சத்தம்தான் வந்தது. இழுத்துப் பார்த்தார், குத்திப் பார்த்தார், போல்ட் பாதியில் நின்றுவிட்டது. மற்றவர்களுடையதும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கின. புதியதும் சிக்கத்தான் செய்தது, ஆனால் குறைவாக. மீசைக்காரர் எழுந்து, சேறு சொட்டும் துப்பாக்கியைப் பிடித்தபடி நின்றார்.

"என் கையில ஒருநாளும் இப்படி ஆனதில்ல மேடம்."

"தெரியும்" என்றேன்.

குழு வந்தது. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பழைய துப்பாக்கிக் கட்சிக்காரர் ஒருவர் என்னை நம்பாமல் மீசைக்காரரைக் கூப்பிட்டு, "நீயே சொல்லுப்பா, எது நல்லது?" என்று கேட்டார். மனிதர் விறைப்பாக நின்றார்.

"துடைச்சா எங்க துப்பாக்கிதான் ஐயா. துடைக்காட்டி புதுசு கொஞ்சம் மேல்தான். ஆனா இந்த மேடம் துடைக்கவே விடறதில்ல ஐயா."

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். புதியது என்று முடிவாயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்போது வரும் என்று குழுத் தலைவரிடம் கேட்டேன்.

"அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால எல்லாச் சாவடிக்கும் போயிடும்."

"இந்த மழைக்கு?"

"இந்த மழைக்கு இருக்கறதை வச்சு சமாளிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் பிஸ்கட் தட்டை அடுத்தவர் பக்கம் நகர்த்தினார்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டேன். பின்னால் மழைச் சத்தம் ஓவென்று கேட்டது.

"டேய், நான் சொல்றதைக் கேளு. உக்காரும்போதெல்லாம் துடை. நடக்கும்போது துடை. பேசிக்கிட்டே துடை. சுண்டுவிரலை விட்டுத் தோண்டு. கை சும்மாவே இருக்கக் கூடாது, புரியுதா?"

"என்னக்கா நீ, எங்க கிழட்டு சார்ஜென்ட் மாதிரியே பேசற."

"விளையாடாதடா. துடைப்பியா மாட்டியா?"

"எதை வச்சு துடைக்கறது அக்கா? சட்டை, போர்வை, காலுறை எல்லாத்தையும் பிழிஞ்சா தண்ணிதான் வருது. காய்ஞ்ச துணியைப் பாத்தே பத்து நாளாச்சு."

கீழே இறங்கி வந்து பீரோவைத் திறந்தேன். பழைய பருத்திப் படுக்கை விரிப்புகளை எடுத்துக் கூடத்தில் உட்கார்ந்து கிழிக்க ஆரம்பித்தேன். கிழித்ததைச் சின்னச் சின்னதாக மடித்து, பிளாஸ்டிக் பைகளில் போட்டு, காற்றுப் புகாமல் வாயைக் கட்டினேன். அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள்.

"என்னடி இது?"

"தம்பிக்கு அனுப்பணும். துப்பாக்கி துடைக்க."

"ஏண்டி, இத்தனை நாளா சேறு, தூசின்னு ஆராய்ச்சி பண்ணிட்டு, கடைசியில பிள்ளைக்குக் கந்தலையா அனுப்பற?"

"ஆமா" என்றேன். நிமிராமல் அடுத்த விரிப்பைக் கிழித்தேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்பாள், சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. உள்ளே போய், மடிப்புக் கலையாத தன் புதுப் பருத்தித் துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.