தொட்டிக்கு அடித்த சுண்ணாம்பு

கரமனையில் ரயில் பாதையை ஒட்டி நின்ற பழைய தண்ணீர்த் தொட்டியைப் பார்த்ததும் பொன்செல்விக்குத் திக்கென்றது. போன ஞாயிற்றுக்கிழமை தலை முதல் கால் வரை கோவைக்கொடி மூடிக் கிடந்த தொட்டி, இன்று வெள்ளைவெளேரென்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

பொன்செல்வி ஆரியசாலை அரிசிக் கடையில் பில் போடுகிறவள். லீவு நாள் வந்தால் செல்போனும் கையுமாகத் தண்டவாள ஓரம்தான் கதி. யாரும் திரும்பிப் பார்க்காத புதரையும் துருப்பிடித்த கம்பத்தையும் படம் பிடிப்பாள். அப்படி எடுத்த தொட்டிப் படம் வாசகசாலைக் கண்காட்சிக்குத் தேர்வாகியிருந்தது. ஒரே குறை, ரயில் போன காற்றில் கை ஆடிப் படம் கலங்கிவிட்டது. "வர்ற ஞாயித்துக்கிழமை சாயந்தரத்துக்குள்ள தெளிவா ஒண்ணு கொண்டுவந்தா மாட்டலாம்" என்றிருந்தார் பொறுப்பாளர் சுவாமிதாஸ். அவளுக்கு இதுதான் முதல் கண்காட்சி.

"அக்கா, யாரு இந்தக் கொடியை வெட்டினது?"

தொட்டியை ஒட்டிய வீட்டு வடிவம்மாள் பட்டுப் புடவையில் பெருமையாக முன்னால் வந்தாள். "நான்தாம்ட்டி! எக்சிபிஷன்ல வைக்க இன்னிக்கு மறுபடி எடுக்க வருவேன்னு நீதானே சொன்னே? நாலு பேரு பாக்குற படத்துல என் வீட்டுப் பின்பக்கம் காடா கிடந்தா மானம் போவாதா? நேத்து பூரா நின்னு வெட்டி, சுண்ணாம்பும் அடிச்சாச்சு. கொள்ளாமா, நல்லாருக்கா?"

"காட்டைத்தான்க்கா எடுக்க வந்தேன்!"

"அய்யே! காட்டுக்கு எதுக்குட்டி போட்டோ? அதுக்கு ஆதார் கார்டா எடுக்கப் போறே?"

பொன்செல்விக்குக் கண் கலங்கியது. அதற்குள் கொட்டிலில் ஆடு கத்தியது.

"நில்லு, அதுக்குத் தீனி போட்டுட்டு வாரேன். பொறவு தொட்டிகிட்ட என்னை நிக்க வச்சு எடு."

வெட்டிப்போட்ட கொடியையெல்லாம் வாரிச் சுருட்டித் தலையில் ஏற்றினாள் வடிவம்மாள். முகம் மறைந்தது, தோள் மறைந்தது. சிவந்த கோவைப்பழங்கள் ஆட, அடியில் பட்டுக்கரை மினுங்க, வெள்ளைத் தொட்டியைக் கடந்து ஒரு புதரே நடந்து போயிற்று.

பொன்செல்வி மண்ணில் முழங்கால் போட்டாள். "அக்கா, அப்படியே நில்லுங்க!"

"முகம் தெரியாதேட்டி!"

"தெரியவே வேண்டாம்!"

தூரத்தில் ரயில் கூவியது. காற்று வந்து சேருமுன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்துவிட்டாள்.

"தொட்டியை மூடியிருந்த கொடி எங்கே?" என்றார் சுவாமிதாஸ் மாலையில்.

"நடந்து போயிடுச்சு சார்."

படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவர் சுத்தியலைத் தேடினார்.

மறுநாள் கண்காட்சியில் வடிவம்மாள் அந்தப் படத்தை விட்டு நகரவேயில்லை. "உள்ளே இருக்கது நான்தான், கேட்டோ!" நம்பாதவர்களுக்கு, உடுத்தியிருந்த பட்டின் கரையைப் படத்தோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினாள்.